தலைவலி மாத்திரையே தலைவலி தருமா?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 46 கிலோ. அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். ஏழெட்டு வருடமாகத் தலைவலி. முன்பெல்லாம் மாதத்தில் இரண்டு தடவை வரும். வலது பக்கம் மட்டும் விண்விண் என்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி எடுத்தால் விட்டுவிடும். இந்த ஒரு வருடமாக வாரத்தில் நாலு நாள், காலையில் எழும்போதே மண்டை கனக்கிறது. காலையில் ஒரு சாரிடான், மதியம் ஒன்று. சாயங்காலம் கழுத்தும் சேர்ந்து வலித்தால் காம்பிஃப்ளாம். மூக்கடைப்பு இருந்தால் ராத்திரி ஒரு சளி மாத்திரை. ரொம்ப முடியாத நாளில், பிரான்ஸிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த டோலிப்ரான் 1000, ஒன்றோ இரண்டோ. பிரஷருக்கும் தினம் ஒரு மாத்திரை உண்டு. கூட்டு மருந்தென்றால் வீரியம் அதிகம் என்கிறார் கடைக்காரர். சாரிடானைத் தடை செய்துவிட்டார்கள் என்கிறாள் கூட வேலை செய்யும் பெண். இவற்றில் எது பாதுகாப்பானது? என் கணவரும் குடித்த மறுநாள் காலையில் என் டப்பாவிலிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அது சரியா?

— ஒரு வாசகி, அரியாங்குப்பம்

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் செய்திருக்கும் ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் அச்சடித்திருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி, கடிதத்தோடு வைத்திருக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 27 வருடமாக மருந்தாளுநராகக் கடையில் நிற்கிறேன். இப்படி எழுதிக்கொண்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் என் முன்னால் வந்து சேர்வது கத்தரித்த அட்டைத் துண்டுதான். இரண்டு காலிக் குழி, சுற்றி ஓரத்தில் கொஞ்சம் வெள்ளித்தாள், பெயரின் கடைசி இரண்டு எழுத்து. காலாவதித் தேதி மறுபாதியோடு வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். "இதே குடுங்க சார், இதுதான் கேக்குது" என்பார்கள். அதற்குள் என்ன இருந்தது என்று வாங்கினவருக்கும் தெரியாது, அந்தத் துண்டைப் பார்த்து எனக்கும் தெரியாது.

உங்கள் தாளை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

சாரிடான் ஒன்றில் பாராசிட்டமால் 250 மில்லிகிராம், புரோபிஃபெனசோன் 150, காஃபீன் 50. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. நீங்கள் எழுதியிருக்கும் சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500, கூடவே மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமின். டோலிப்ரானில் வேறு எதுவுமே இல்லை. 1000 மில்லிகிராமும் பாராசிட்டமால்தான். நாலு பெயர், நாலு நிறம், நாலு விலை. நாலுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. ரொம்ப முடியாத நாளில் இரண்டு சாரிடானுக்கு 500, காம்பிஃப்ளாமுக்கு 325, சளி மாத்திரைக்கு 500, இரண்டு டோலிப்ரானுக்கு 2000. மொத்தம் 3,325 மில்லிகிராம்.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4,000 என்பார்கள். அது நல்ல உடம்பு உள்ளவருக்கு. எடை 50 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு அந்த அளவு பொருந்தாது. கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று வைத்தால், 46 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2,760தான் வருகிறது. அந்த நாட்களில் நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், தாண்டியது தெரியாமலே. டோலிப்ரான் 1000 டப்பாவிலும் 50 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் பிரெஞ்சில். புதுச்சேரியில் பிரான்ஸ் உறவு உள்ள எத்தனையோ வீடுகளில் இந்த மஞ்சள் டப்பா இருக்கும். வெளிநாட்டு மருந்து, நல்ல மருந்து என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை. அந்த ஊரிலேயே 2019இல் பாராசிட்டமால் டப்பாக்களின் மேல் 'அளவு மீறினால் ஆபத்து, கல்லீரல் அழியலாம்' என்ற பொருளில் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2020 ஜனவரியிலிருந்து மருந்துக்கடையில் ஆட்கள் தாமாக எடுத்துக்கொள்ளும் அலமாரியிலிருந்து அதை எடுத்து, மருந்தாளுநரிடம் கேட்டு வாங்கும்படி மாற்றினார்கள். உங்கள் நாத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள், டப்பாவின் எழுத்தை அவரே படித்துச் சொல்வார்.

பாராசிட்டமாலைக் கண்டு பயப்பட வேண்டாம். அளவுக்குள் இருந்தால் வலிக்கு அதைவிடப் பாதுகாப்பான மாத்திரை என் கடை அலமாரியில் இல்லை. அளவு மீறும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லீரல் அதை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சுப் பொருளாக மாறுகிறது. குளூட்டாதையோன் என்ற ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு கல்லீரல் அந்த நச்சை அப்போதைக்கப்போது செயலிழக்கச் செய்துவிடும். கையிருப்பு தீர்ந்துபோனால் நச்சு கல்லீரலையே தின்னும். சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் கையிருப்பே குறைவு. இதில் கொடுமை, முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. குமட்டல், அசதி, அவ்வளவுதான். மஞ்சள் காமாலை தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். ஆகவே யாராவது அளவு மீறிப் போட்டுவிட்டார் என்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாதத்தில் இரண்டு நாள் வந்த வலி எப்படி வாரத்தில் நாலு நாளாயிற்று? அதுவும் காலையில் எழும்போதே ஏன்?

மாத்திரையால்தான் என்று நினைக்கிறேன். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உங்களுக்குப் போன தலைவலி, தலைவலியாகவே திரும்பி வருகிறது. ஏற்கெனவே தலைவலிக்காரராக இருப்பவர், அதற்கான மாத்திரையை அடிக்கடி போட்டால் மூளையின் வலி உணரும் தன்மையே கூர்மையாகிவிடுகிறது. மாத்திரையின் வேகம் இறங்கும்போது வலி எட்டிப் பார்க்கிறது, அதற்கு இன்னொரு மாத்திரை. இரவெல்லாம் மாத்திரை இல்லாமல் கிடந்த உடம்பு விடியும்போது அதைக் கேட்கிறது. இதை மருத்துவர்கள் மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி என்கிறார்கள். மாதத்தில் பாதி நாளுக்குக் குறையாமல் தலைவலி, அதோடு பாராசிட்டமால் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போடும் பழக்கம் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால், இதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே மாத்திரையில் பல மருந்து கலந்த கூட்டு மருந்துக்கு அந்த எல்லை 15 இல்லை, 10 நாள்தான். இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் வையுங்கள். உங்கள் கடைக்காரர் சொன்ன 'வீரியம்' இந்த விஷயத்தில் உங்களுக்கு எதிராகத்தான் போகிறது. எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்கே கணக்கு. வாரத்தில் நாலு நாள் என்றால் மாதத்துக்கு 16, 17 நாள் ஆகிறது.

கடைக்காரர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். காஃபீன் சேர்ந்தால் வலி மருந்து கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் சாரிடானில் இருக்கும் 50 மில்லிகிராம், நம் வீட்டு ஃபில்டர் காபி ஒரு டம்ளரில் இருப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு. அதற்காகத் தனி மாத்திரை தேவையில்லை. நீங்கள் நாளுக்கு மூன்று காபி குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று காபி, இரண்டு சாரிடான் என்று பழகிய உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்தாலே தலை வலிக்கும். அது காஃபீன் கிடைக்காத வலி.

தடை விஷயம் இதுதான்: 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் சாரிடானும் இருந்தது. 1988க்கு முன்பிருந்தே விற்பனையில் இருக்கும் மருந்து என்பதால் உச்ச நீதிமன்றத்தில் விலக்குக் கிடைத்தது. இன்று அதை விற்பது சட்டப்படி சரி. உங்கள் தோழி சொன்னதும் காற்றில் வந்த பேச்சு இல்லை, பாதிக் கதை. அதில் இருக்கும் புரோபிஃபெனசோன் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த வலி மாத்திரைக்காவது உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், இழுப்பு வந்த ஆள் அதைத் தொடக் கூடாது.

உங்கள் தாளில் என்னை உட்காரவைத்தது கடைசி வரி. பிரஷர் மாத்திரை: டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு. இதுவும் ஒரு கூட்டு மருந்துதான், நல்ல கூட்டு. ஆனால் இதோடு ஐபுப்ரோஃபென் சேரக் கூடாது.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி. ரத்தம் அழுத்தத்தோடு உள்ளே போனால்தான் வடியும். உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருப்பது உடம்பே சுரக்கும் ஒரு பொருள். ஐபுப்ரோஃபென் அதைச் சுரக்கவிடாது, குழாய் சுருங்குகிறது. வெளியே போகும் குழாயை டெல்மிசார்டன் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் பிரிக்கும் மாத்திரை, ஆகவே ஓடுவதற்கு நீரும் குறைவு. வரத்து சுருக்கம், போக்கு தாராளம், தண்ணீரும் கம்மி. வடிகட்டி எப்படி வேலை செய்யும்? கத்திரி வெயிலில் அரியாங்குப்பம் பஸ்ஸில் வேர்த்து ஒழுகி, கடையில் கழிப்பறைக்குப் போக முடியாது என்று தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் நாளில் இந்த மூன்றும் உள்ளே போனால், சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். போதாததற்கு ஐபுப்ரோஃபென் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். சளி மாத்திரையில் இருக்கும் ஃபினைலெஃப்ரினும் ரத்தக் குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும் சரக்குதான். பிரஷர் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது காம்பிஃப்ளாமையும் சளி மாத்திரையையும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கும் அண்ணன் ஒருவர், மேல்வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையை என்னிடம் தினம் வாங்குவார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் டீயோடு போடுவார். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்; 'தினமுமா போடுகிறீர்கள்?' என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று ஒரு நாள் வந்து நின்றார், முகம் வெளுத்துப்போய். குடலில் புண், உள்ளுக்குள் ரத்தக் கசிவு. பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வலி மாத்திரை கேட்டு வருகிற எல்லோரிடமும் 'இந்த மாதத்தில் எத்தனாவது தடவை?' என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது, வந்தாலும் பரவாயில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாலு மாத்திரைக்குப் பதிலாக வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கட்டும்: பாராசிட்டமால் 650, வேறு எதுவும் கலக்காதது. அட்டையில் ஒரே ஒரு மருந்தின் பெயர்தான் இருக்க வேண்டும். உங்கள் எடைக்கு ஒரு வேளைக்கு ஒன்று போதும். அடுத்தது வேண்டுமானால் ஆறு மணி நேரம் கழித்து. என்ன ஆனாலும் ஒரு நாளில் நாலுக்கு மேல் கூடாது. வலி தொடங்கியதுமே போடுங்கள், தாங்க முடியாத கட்டம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து போட்டால் மாத்திரை சரியாகக் கேட்காது. உங்களுக்கு முன்பு வந்தது போன்ற, ஒரு பக்கம் தெறிக்கும் ஒற்றைத் தலைவலியில் அந்த நேரம் வயிறே வேலை செய்யாமல் கிடக்கும், மாத்திரை அங்கேயே தங்கிவிடும். ஒரு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது. வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். மாதவிலக்கு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள், பலருக்கு ஒற்றைத் தலைவலி அதை ஒட்டித்தான் வருகிறது.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டு மாத்திரையை விட்டதும் முதல் சில நாள் வலி கூடும். பெரும்பாலும் இரண்டிலிருந்து பத்து நாள் வரை. குமட்டும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். பலர் இங்கேதான் தோற்றுப்போய், 'எனக்கு மாத்திரை இல்லாமல் முடியாது' என்று பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள். அது உடம்பு பழக்கத்தை விடும் நாட்கள் என்று தெரிந்திருந்தால் தாண்டிவிடலாம். ஆகவே தீபாவளி, பொங்கல் கூட்ட நேரத்தில் தொடங்காதீர்கள். கடையில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு, ஆடித் தள்ளுபடியெல்லாம் முடிந்த ஒரு வாரத்தில் தொடங்குங்கள். காபியையும் ஒரேயடியாக நிறுத்தாமல், மூன்றை இரண்டாக்கி, அப்புறம் ஒன்றாக்குங்கள். காலை டிபனை விடாதீர்கள். பசியே உங்கள் வலிக்குப் பாதி வழி திறந்துவிடுகிறது.

தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். கோரிமேடு ஜிப்மரிலோ அரசு பொது மருத்துவமனையிலோ சீட்டுப் போட்டுக் காட்டலாம். வலி வந்தபின் போடும் மாத்திரை வேறு, வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரை வேறு. இந்த இரண்டாவது வகை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் என்று பல இருக்கின்றன. உங்களுக்கு எது ஒத்துவரும் என்று சொல்வது மருத்துவர் வேலை, கடையில் கேட்டு வாங்கும் சமாச்சாரம் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடமாக இத்தனை மாத்திரை போட்டவர் கேட்கலாம், தப்பில்லை.

சில வலிகளுக்கு எந்த மாத்திரையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இடி விழுந்த மாதிரி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் மரத்துப்போவது, வாய் குழறுவது, பார்வை இரட்டையாவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்டபின் வரும் வலி. இவற்றுக்கு நேராக அவசரப் பிரிவுதான். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும், கர்ப்பிணிக்கு வரும் கடும் தலைவலியையும் அன்றைக்கே காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும், பாராசிட்டமால் மட்டும்தான்.

உங்கள் கணவர் விஷயம். குடித்த மறுநாள் தலைவலிக்குப் பெரிய காரணங்களில் ஒன்று தண்ணீர் வற்றுவது. உப்புச் சர்க்கரைக் கரைசலோ மோரோ நிறையக் குடிக்கக் கொடுங்கள், வயிற்றுக்கு இரண்டு இட்லி. உங்கள் டப்பாவில் இருப்பது எதுவும் அவருக்கு வேண்டாம். ஐபுப்ரோஃபென் அவர் வயிற்றைப் புண்ணாக்கும், டோலிப்ரான் கல்லீரலைப் பதம் பார்க்கும். தினமும் குடிப்பவராக இருந்தால் பாராசிட்டமாலின் எல்லை அவருக்கு நாளுக்கு 2,000க்குள். அதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். அவர் மேல் கோபம் இருந்தாலும் இதை நிதானமாகச் சொல்லுங்கள், டப்பாவைக் கொஞ்ச நாள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலண்டர் தாளையும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாத்தனாரின் மஞ்சள் டப்பா உட்பட. அட்டைகளை மட்டும் கத்தரிக்காமல் கொண்டுபோங்கள்.